எழுபத்து நாலு ரூபாய் பின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வரும் வாகன உதிரிபாகங்கள் மீது குவிப்புத் தடுப்பு விசாரணை (தன் ஊரில் விற்பதைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து தள்ளுவதுதான் குவிப்பு, இங்கிலீஷில் டம்பிங்) நடப்பதாக உங்கள் வணிகப் பக்கத்தின் கீழ் மூலையில் நாலே வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. பக்கத்திலேயே தங்கம் விலையைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். நான் தங்கம் வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த நாலு வரியைத்தான் மூன்று முறை படித்தேன். மேற்கொண்டு விவரம் ஏதாவது வருமா என்று மறுநாள் பேப்பரையும் புரட்டினேன். வரவில்லை.

நான் மதுரை பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை வைத்திருக்கிறேன். புதூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து 1986-இல் வெளியே வந்தவன். பத்து வருடம் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு, 1996-இல் வாடகை ஷெட்டில் இரண்டு பழைய லேத்தோடு தனியாக ஆரம்பித்தேன். இப்போது நாலு லேத், கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒன்று, ஒரு கிரைண்டிங் மெஷின், ஏழு ஆட்கள். லாரிக்கான ஷேக்கிள் பின்தான் முக்கியச் சரக்கு. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கிறதே ஸ்பிரிங் பட்டை, அதைச் சேஸோடு மாட்டி வைக்கிற, ஒரு சாணுக்கும் குறைவான இரும்புத் தண்டு அது. பாரம் ஏற்றிய வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அடியை வாங்குவது இந்தப் பின்தான். தேயும், மாற்றியாக வேண்டும். மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடிய காலத்தில் வாரத்துக்கு ஆயிரம் பின் போட்டிருக்கிறோம். 2012-இல் குவாரிகள் நின்றதும் அது பாதியானது. அதையும் தாண்டி வந்துவிட்டோம். அடுத்து வந்த அடி வேறு மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வெகுகாலமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒருவர் மூன்று மாதமாக ஆர்டரே சொல்லவில்லை. நேரில் போனேன். டீ சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில், எண்ணெய் பூசிய சீன ஷேக்கிள் பின். “கடைக்கே வந்து சேர எழுபத்து நாலு ரூபாய்ண்ணே. உங்க பின்னு நூத்தி முப்பத்தஞ்சு. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. டீயைக் குடித்துவிட்டு, அதில் இரண்டு பின்னை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தராசில் வைத்தேன். 820 கிராம். என் பின்னும் அதே எடைதான். அந்த எடையில் ஒரு பின் வருவதற்கு எனக்கு 950 கிராம் இஎன்8 ரவுண்டு ராடு (ஒரு ரக உருண்டை எஃகுக் கம்பி) வேண்டும். மீதி சுருளாகவும் வெட்டுத் துண்டாகவும் போய்விடும். அன்றைக்கு ராடு கிலோ 68 ரூபாய். இரும்புக்கு மட்டும் 64 ரூபாய் 60 காசு. அப்புறம் கடைசல் கூலி, கிரீஸ் போக ஓட்டை போடுவது, இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மேல்புறத்தைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவது), கிரைண்டிங், கரண்ட், பேங்க் வட்டி எல்லாம் சேர்ந்தால் 118-இல் வந்து நிற்கும். அந்த வெளிநாட்டுப் பின்னிலோ, நான் வாங்கும் விலைக்கே இரும்பு வாங்கியிருந்தால் மிச்சம் ஒன்பது ரூபாய் சொச்சம். அந்த ஒன்பது ரூபாய்க்குள் கடைந்து, துளை போட்டு, சூடேற்றி, கிரைண்டிங் பிடித்து, எண்ணெய் பூசி, பெட்டி போட்டு, கப்பலில் ஏற்றி, இங்கே இறக்கி, சுங்கம் கட்டி, நடுவில் ஒரு மொத்த வியாபாரி லாபம் பார்த்து, மதுரை வரைக்கும் லாரி வாடகையும் கொடுத்திருக்கிறார்கள். கால்குலேட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். கணக்கு மாறவில்லை.

சரக்கு மட்டம் என்று சொல்லியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று அரத்தை எடுத்துத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவு கெட்டி. ஹீட் ட்ரீட்மெண்ட் செய்கிறவரிடம் கொடுத்து ஹார்டுனஸ் பார்த்தேன். எங்கள் பின்னைவிட இரண்டு பாயின்ட் குறைவு, அவ்வளவுதான். “சைனா சாமான் ரெண்டு மாசம் தாங்காது” என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் பழைய கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் வயிற்றெரிச்சலே அது தாங்குகிறது என்பதுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த வருடத் தீபாவளிக்கு போனஸ் கொடுக்கக் கையில் காசில்லை. அதே பின்னில் 300 எடுத்து, வந்த பெட்டியோடு வெளியூர்க் கடைகளுக்குக் கொடுத்தேன். ஒரு பின்னுக்கு ஆறு ரூபாய் நின்றது. என் பின்னில் நிற்பது பதினேழு. ஆனால் அந்த ஆறு ரூபாய்க்கு லேத் ஓடவேண்டாம், கரண்ட் வேண்டாம், ஆள் வரவில்லையே என்று காலை ஏழு மணிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எங்கள் பேட்டையிலேயே ஒருவர் மெஷின்களை விற்றுவிட்டு, ஷெட்டைக் குடோனாக்கி, இறக்குமதிச் சரக்கு வியாபாரத்துக்கு ஏன் மாறினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சரி, இதற்கு வரி போடச் சொல்லிக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு மாதம் உட்கார்ந்தேன். விசாரிக்கிற துறைக்கு வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் என்று பெயர். தில்லியில், மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் 2018 முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. அதன் அறிவிக்கைகளை இணையத்தில் எடுத்து, பி.காம் படிக்கும் என் மகள் இங்கிலீஷில் வாசித்து அர்த்தம் சொல்ல, நான் பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். அவள் பரீட்சைக்குக்கூட அவ்வளவு படித்திருக்க மாட்டாள்.

முதலில் தெரிந்துகொண்டது, மலிவாக விற்பதே குவிப்பு ஆகிவிடாது என்பது. ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் தன் ஊரில் கிலோ 30 ரூபாய்க்குத் தக்காளி விற்கிறார் என்று வையுங்கள். அதே தக்காளியை மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து 22-க்குத் தள்ளுகிறார். லாரி வாடகை, இறக்குகூலி போக அவர் கையில் நிற்பது 18. விளைச்சல் அமோகமாக இருந்து, சொந்த ஊரிலும் 18-க்கே விற்றால் அது அவர் சாமர்த்தியம். யாரும் எதுவும் சொல்ல முடியாது. அங்கே 30, இங்கே 18 என்றால்தான் குவிப்பு. அந்த 12 ரூபாய் வித்தியாசத்தைத்தான் விசாரணையில் அளக்கிறார்கள். அளந்தால் மட்டும் போதாது, அதனால் இங்குள்ள தொழிலுக்கு அடி விழுந்ததையும், அந்த அடி வேறு காரணத்தால் வந்ததில்லை என்பதையும் காட்ட வேண்டும். சீனாவின் உள்ளூர் விலையைப் பொதுவாக அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, வேறு வழியில் கணக்கிடுகிறார்கள் என்றும் மகள் வாசித்தாள். அது தனிப் புராணம், இங்கே வேண்டாம்.

அப்படியே நிரூபணமானாலும் முழு வித்தியாசத்துக்கும் வரி கிடையாது. 12 ரூபாய் குவிப்பு இருந்து, 5 ரூபாய் ஏற்றினாலே உள்ளூர்க்காரர் பிழைத்துக்கொள்வார் என்றால் 5 ரூபாய்தான் வரி. இரண்டில் எது குறைவோ அது. இந்த வழக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வரி ஐந்து வருடத்துக்கு. அப்புறம் மறுபடி விசாரித்துத்தான் நீட்டிக்கலாம். இயக்குநரகம் பரிந்துரைதான் செய்யும், வரி போடுவது நிதி அமைச்சகம். பரிந்துரை வந்தும் வரி போடாமல் விட்டதுண்டு.

என் பின் குவிப்பா, சாமர்த்தியமா? எனக்குத் தெரியாது. சீனத்துப் பட்டறைக்காரன் அவன் ஊர் லாரிக்காரனுக்கு அதே பின்னை என்ன விலைக்குக் கொடுக்கிறான் என்பதைக் கப்பலூரில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிக் கண்டுபிடிப்பது? விசாரணை என்ற ஒன்று இருப்பதே அதற்குத்தான். ஆனால் விசாரணை வேண்டுமென்றால் முதலில் மனுப் போட வேண்டும். அங்கேதான் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

மனுவை ஆதரிக்கிற உற்பத்தியாளர்கள், இந்தியாவில் மொத்தம் செய்யப்படும் அந்தப் பொருளில் குறைந்தது 25 சதவீதம் செய்கிறவர்களாக இருக்க வேண்டும். எதிர்ப்பவர்களைவிட அவர்கள் உற்பத்தி கூடுதலாகவும் இருக்க வேண்டும். பெரிய ஆலைகள் ஒன்றிரண்டு மட்டுமே செய்கிற பொருள் என்றால் ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் முடிந்தது. கனரக வாகனங்களின் முன் அச்சு பீம், ஸ்டீயரிங் நக்கிள் ஆகியவற்றுக்கு 2010-இலேயே சீனச் சரக்கு மீது வரி வந்தது. அலாய் வீலுக்கு 2015-இல் சீனா, கொரியா, தாய்லாந்து மூன்றின் மீதும் வந்தது. டிரெய்லர் அச்சுக்கும் போட்டார்கள். அதை உதிரிகளாகப் பிரித்துக் கொண்டுவந்து வரியைத் தாண்டுகிறார்கள் என்ற புகாரின் பேரில் அதற்கே இன்னொரு விசாரணை நடந்தது. ஷேக்கிள் பின்னை யார் செய்கிறார்கள்? கப்பலூரில் நான், புதூரில் இரண்டு பேர், கோயம்புத்தூரில் எத்தனையோ பேர், ராஜ்கோட்டில், லூதியானாவில், இன்னும் எந்தெந்தச் சந்துகளிலோ. இவர்களில் 25 சதவீதத்தை யார் சேர்ப்பது? மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே அதில் கால் பங்கு எவ்வளவு என்று தெரியும்?

இறக்குமதி எவ்வளவு என்று பார்க்கலாம் என்றால் அதுவும் வசமாக இல்லை. சுங்கக் கணக்கில் வாகன உதிரிபாகங்களுக்கு 8708 என்று ஒரு தலைப்பு. அதன் கீழே பிரேக், கியர்பாக்ஸ், சக்கரம், சஸ்பென்ஷன் என்று உட்பிரிவுகள். ஷேக்கிள் பின்னுக்கென்று தனி எண் கிடையாது. ஆயிரம் சாமானோடு அதுவும் ஒரு சாமானாகக் கலந்து போய்விடுகிறது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி.

இதற்கெல்லாம் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்டம் என்று சொன்னால் போதாது, தாளில் காட்ட வேண்டும். விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் பன்னிரண்டு மாதத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கும் உற்பத்தி எவ்வளவு, மெஷின் எத்தனை சதவீதம் ஓடியது, விற்றது, தேங்கியது, லாபம், ஆட்கள், சம்பளம் எல்லாம் எழுதித் தர வேண்டும். அதுவும் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் தனியாக. எங்கள் பட்டறைகளில் பின், அது உட்காரும் புஷ், அடுத்தவர் பொருளைக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் எல்லாம் ஒரே லேத்தில்தான் ஓடும். பின்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று யார் எழுதி வைத்தோம்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை எங்கள் தொழிலில் பாதி துண்டுச் சீட்டில்தான் நடந்தது. இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் என் ஆடிட்டர் கடிதத்தைப் பிடுங்கிவிடுவார். பில் போடாமல் விற்ற பின்னுக்கு இன்றைக்கு ‘என் விற்பனை விழுந்துவிட்டது’ என்று எந்த முகத்தோடு கணக்குக் காட்டுவது? ஷெட்டில் பார்த்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது லேத்தின் மேல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தில்லிக்குச் சாக்கு தெரியாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்தச் சரக்கைத் தானே இறக்குமதி செய்கிற உற்பத்தியாளரை, உள்நாட்டுத் தொழில் என்ற கணக்கிலிருந்து நீக்கிவிட விதியில் இடம் உண்டு. குடோனாக மாறிய என் பக்கத்து ஷெட்காரர் அதில் போய்விட்டார். நான் மொத்த வியாபாரியிடம் 300 பின் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு இன்னும் காரணம் தெரியவில்லை. யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், மெஷினை விற்க மனசு வரவில்லை.

இப்படி எழுதுவதால் எதற்கெடுத்தாலும் வரி போடு என்று கொடி பிடிக்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். நினைத்தாலும் என் மச்சினன் விடமாட்டான். மேலூரில் அவனுக்குப் பத்துச் சக்கர லாரி இரண்டு. 2017 செப்டம்பரில் சீனாவிலிருந்து வரும் பஸ், லாரி ரேடியல் டயர்களுக்கு டன்னுக்கு 245 டாலரிலிருந்து 452 டாலர் வரை குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். ஒரு டயர் 55 கிலோ என்று வைத்தால், அன்றைய டாலர் மதிப்பில் டயருக்கு ஏறக்குறைய 850 முதல் 1,600 ரூபாய். பத்து டயருக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். போன மாதம் காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தான்: “மச்சான், டயர்க்காரன் டயருக்குக் கேட்டான். நீங்க பின்னுக்குக் கேக்குறீங்க. நாளைக்குப் பேரிங்குக்காரன் கேப்பான். எல்லா வரியும் ஏறி உக்கார்றது என் லாரி மேலதான். ஓவர்லோடுன்னு ஆர்டிஓ பிடிச்சா யாரு பதில் சொல்றது?”

பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த டயர் வந்த காலத்தில், தேய்ந்த பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட்டுக் கொடுக்கும் கடைகள் வேலையில்லாமல் உட்கார்ந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். புது டயரே அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது பழசுக்கு யார் செலவு செய்வார்கள்? அவனே இரண்டு வருடம் ரீட்ரெட் பக்கம் போகவில்லை. அதைச் சொன்னதும் ரசத்துக்கு மாறிவிட்டான்.

விசாரணையில் அவனுக்கும் வாயைத் திறக்க இடம் இருக்கிறது. இதுவும் மகள் வாசித்துத்தான் தெரியும். இறக்குமதியாளர், பொருளை வாங்கிப் பயன்படுத்துகிற தொழில்காரர், அவர்கள் சங்கங்கள் என்று யாரும் தங்களைப் பதிவு செய்துகொண்டு, இந்த வரியால் எனக்கு இவ்வளவு பாரம் என்று எழுதித் தரலாம், நேரடி விசாரணையில் பேசலாம். அறிவிக்கை வந்ததிலிருந்து பொதுவாக முப்பது நாள் அவகாசம். டயர் விசாரணை நடந்தபோது மேலூர் லாரிக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று அவனைக் கேட்டேன். “என்னைக்கி நடந்துச்சு?” என்றான்.

ஆசிரியர் அவர்களே, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த முப்பது நாளுக்காகத்தான். அறிவிக்கை அரசிதழில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வருகிறது. நாங்கள் படிக்கிறது உங்கள் பேப்பர். வெங்காய விலை, முட்டை விலை, வைகை அணை நீர்மட்டம் எல்லாம் தவறாமல் போடுகிறீர்கள். இன்ன பொருள் மீது, இன்ன நாட்டுச் சரக்கு மீது விசாரணை ஆரம்பம், பதிவு செய்யக் கடைசித் தேதி இது என்று மாதம் ஒருமுறை ஆறு வரி போடக்கூடாதா? பொருளின் பெயரைப் பட்டறையில் சொல்கிற பெயரிலேயே போடுங்கள். ‘இணைப்புத் தண்டு’ என்று எழுதினால் எங்கள் பேட்டையில் ஒருவருக்கும் அது தங்கள் பின் என்று தெரியாது. போன வாரச் செய்தியிலும் ‘வாகன உதிரிபாகங்கள்’ என்று மட்டும் இருந்தது. எந்த உதிரிபாகம் என்று இல்லையே! ஒரு லாரியில் எத்தனை ஆயிரம் உதிரிபாகம் இருக்கிறது தெரியுமா?

எங்கள் தொழில் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருடாவருடம் கண்காட்சி நடத்துகிறீர்கள், ரிப்பன் வெட்டுகிறீர்கள். நானும் ஸ்டால் போட்டிருக்கிறேன், குறை சொல்லவில்லை. பின் செய்கிறவர்கள், புஷ் செய்கிறவர்கள் என்று பொருள்வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். மாதம் எத்தனை கிலோ என்று மட்டும் எழுதினால் போதும். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், அதைக் கேட்டால் ஒருவரும் தரமாட்டோம். தொழிலின் சார்பில் சங்கமே மனுப் போடலாம். ஏராளமான சிறு பட்டறைகளில் சிதறிக் கிடக்கும் தொழில் என்றால், எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் மாதிரிக் கணக்கு எடுத்து ஆதரவை அளக்கலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் ஒரு அடிக்குறிப்பே இருக்கிறது. எங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் என்றாலும் எழுதியிருக்கிறார்கள். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பஸ் விட்ட ஊர் இது. அன்றிலிருந்து வண்டியைப் பிரித்து மாட்டியே பிழைத்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. பட்டியல் எடுக்கத் தொடங்கினால் முதல் பெயராக என்னைப் போட்டுக்கொள்ளுங்கள். போன ஏப்ரலிலிருந்து பின்னுக்கென்று தனி நோட்டுப் போட்டு, தனி மீட்டரும் மாட்டிவிட்டேன். எலக்ட்ரீஷியன் எதற்கு என்று கேட்டார். தில்லிக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம், 300 பின் கதையைக் கடைக்காரர்கள் படிப்பார்கள். அந்த இரண்டு பின்னில் ஒன்று வெட்டுப்படாமல் இன்னும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. உங்கள் மதுரை நிருபர் யாராவது வந்தால் என் பின்னையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், எது எந்த நாட்டுப் பின் என்று அவரே சொல்லட்டும். திருமங்கலம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று உங்கள் பேப்பரில் போடுவீர்கள் இல்லையா, அந்த நாள் பார்த்து வரச் சொல்லுங்கள். மெஷின் ஓடாது. பேச நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
கப்பலூர், மதுரை.